குயவர் மண்ணில் அறிவியல் பாடம்

தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க ஆய்வுக்கூடம் இன்றியமையாததன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1974-இல் பம்பாயில் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ‘ஸ்மால் சயன்ஸ்’ நூல்கள், குழந்தையின் சுற்றுப்புறத்தையே பாடமாக்குகின்றன.

மாட்டுங்கா லேபர் கேம்ப் குழந்தைகளுக்குத் தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடா தொலைவிலில்லை. சுட்ட ஓட்டுத் துண்டு, உலர்ந்த பச்சைமண் கட்டி, இரு குவளை நீர் போதும். எது கரையும் என்பதை மாணவர் முதலில் ஊகித்துச் சொல்லவேண்டும். பின்னரே நீரில் இடவேண்டும். மண் குழைந்து கரைகிறது. ஓட்டிலிருந்து குமிழிகள் எழுகின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று மாணவர் வினவுகையில் ஆசிரியர் விடையை உரைத்துவிடலாகாது. நுண்துளைகளில் தங்கிய காற்றை நீர் வெளியேற்றுகிறது என்பதை அவர்களே தங்கள் வீட்டுத் தமிழில் கூறட்டும். இதற்கு நேரம் பிடிக்கும். பாடத்தை முடிக்கும் அவசரமே உண்மையான இடையூறு, கருவிப் பற்றாக்குறையன்று. மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்பது மறுநாள் வினா.