களத்துக்கு உதவும் வலிமை
தற்காப்புக் கலை பயிலும் மாணவர்களுக்கான உடல்தகுதிப் பயிற்சி

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். சிலம்பம், கராத்தே, தெக்குவாண்டோ, குத்துச்சண்டை, மொய்தாய் எனக் களம் இறங்கும் மாணவருக்கு அந்தச் சுவர் அவருடைய உடல். ஸ்கூடாயிலும் பத்து பகாட்டிலும் படிக்கும் நம் மாணவர்கள் பலர் கலையை ஆர்வத்தோடு கற்கிறார்கள். ஆனால் உடலைத் தயார் செய்யும் முறையில் தெளிவு குறைவாக இருக்கிறது. தேர்வு முடியும்வரை பயிற்சியை மறந்துவிட்டு, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் உடற்பயிற்சிக் கூடமே கதி என்று கிடப்பது ஒரு தவறு. எடை பார்க்கும் நாள் நெருங்கியதும் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்துவது மற்றொரு தவறு. முதலாவது வெற்றியைக் கெடுக்கும். இரண்டாவது உயிருக்கே உலை வைக்கும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

செயல்பாட்டு வலிமை என்றால் என்ன?

ஒரு குத்தின் விசை கையில் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்துகிறது. அந்த உந்துதல் முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் வழியாக ஏறி முட்டியை அடைகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் விசை வழியிலேயே வீணாகும். சிலம்பத்திலும் இதுவே உண்மை. கம்பைச் சுழற்றுவது மணிக்கட்டு; அடிக்குக் கனம் கொடுப்பது காலடி.

ஆகவே, கண்ணாடியில் அழகாகத் தெரியும் புஜத்தை மட்டும் வளர்ப்பதால் களத்தில் பெரிய பயன் இல்லை. உந்துதல், இழுத்தல், குந்தி எழுதல், இடுப்பைத் திருப்புதல், சுமந்து நடத்தல் ஆகிய அசைவுகளில் முழு உடலும் ஒன்றாக வேலை செய்யப் பழக்குவதே செயல்பாட்டு வலிமைப் பயிற்சி.

"பளு தூக்கினால் உடல் பருத்து வேகம் குறைந்துவிடும்" என்று சிலர் அஞ்சுவர். தசை பெருப்பதற்குப் பயிற்சியின் அளவும் உணவின் அளவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையில், போதிய ஓய்வோடு, கனமான பளுவைத் தூக்கும்போது தசையின் பருமனைவிட நரம்புகள் தசையை இயக்கும் திறனே அதிகம் வளர்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் ஷாமளாராணி சந்திரன் கராத்தேயில் தங்கம் வென்றது 50 கிலோவுக்குக் குறைந்தோர் பிரிவில்தான். வலிமைக்குப் பெரிய உடல் தேவை என்ற எண்ணத்தை அந்தப் பதக்கம் பொய்யாக்குகிறது.

மரபில் உள்ளதும் இல்லாததும்

தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை ஆகியவை நம் மரபில் நெடுங்காலமாக உள்ளவை. இந்தியாவில் கர்லாவைக் கண்ட ஆங்கிலேயர்கள் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. தோள்மூட்டுக்கும் பிடிக்கும் அது இன்றும் சிறந்த பயிற்சி.

ஆயினும் மரபின் பெருமை பேசி அங்கேயே நின்றுவிடக்கூடாது. ஒரே கட்டையை ஆண்டுக்கணக்கில் சுழற்றினால் உடல் அதற்குப் பழகிவிடும். அதன்பின் வளர்ச்சி நின்றுவிடும். 1940களில், காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்த தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க மருத்துவர், பளுவைப் படிப்படியாகக் கூட்டும் முறையை வகுத்தார். இன்றைய வலிமைப் பயிற்சிக்கு அதுவே அடித்தளம்.

கூலாய், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரு வாளி பால் சுமந்தார்கள். அந்தச் சுமையில் முதுகும் இடுப்பும் உரமேறின. ஆனால் ஓய்வில்லா உழைப்பு பலருக்கு மூட்டு வலியையும் முதுகு வலியையும் தந்தது. உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. பயிற்சியில் சுமை அளவோடு ஏறும். இடையில் ஓய்வு இருக்கும். தசை வலுப்பெறுவது அந்த ஓய்வின்போதுதான்.

மூச்சும் சக்தியும்

தெக்குவாண்டோவில் ஒரு சுற்று 2 நிமிடம். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 3 நிமிடம். கலப்புத் தற்காப்புக் கலையில் 5 நிமிடம். இந்நேரத்தில் நாம் ஒரே சீராக இயங்குவதில்லை. சில வினாடி பாய்ச்சல், சில வினாடி நிதானம் என மாறி மாறி இயங்குகிறோம். பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தி தசையிலேயே இருப்பு உள்ளது. அது ஏறக்குறைய 10 வினாடியில் தீர்ந்துவிடும். அதை மீண்டும் நிரப்புவது உயிர்வாயு. எனவே நீண்ட நேரம் நிதானமாக ஓடும் பயிற்சி வீண் அல்ல. அதுவே அடுத்த பாய்ச்சலுக்கு நம்மை விரைவில் தயாராக்குகிறது.

1996இல் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தா வெளியிட்ட ஆய்வால் 20 வினாடி கடும் உழைப்பு, 10 வினாடி ஓய்வு என்ற முறை உலகெங்கும் பரவியது. அது பயனுள்ளதுதான். ஆனால் அடித்தளம் இல்லாதவர் தினமும் அதைச் செய்தால் களைப்பே மிஞ்சும்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

போட்டிக்குப் பன்னிரண்டு வாரத்திற்கு முன்பே தொடங்குங்கள். வாரம் இருமுறை வலிமைப் பயிற்சி போதும். மற்ற நாள்கள் கலைக்குரியவை.

1 முதல் 4ஆம் வாரம் வரை அடித்தளம். குந்தி எழுதல், தண்டால், கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுத்தல், இரு கைகளிலும் சுமை ஏந்தி நடத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள் 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம்.

5 முதல் 8ஆம் வாரம் வரை வலிமை. தோளில் பளு வைத்துக் குந்தி எழுதல், தரையிலிருந்து பளு தூக்குதல். 5 முறை வீதம் மூன்று அல்லது நான்கு சுற்று. இடையே 2 முதல் 3 நிமிட ஓய்வு. முதுகு வளையாமல் தூக்க முடிந்தால் மட்டுமே பளுவைக் கூட்டவும். பயிற்றுநர் உடனிருப்பது அவசியம்.

9 முதல் 11ஆம் வாரம் வரை வேகம். தாவுதல், கனமான பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிதல். போட்டிச் சுற்றின் நேர அளவிலேயே இடைவெளிப் பயிற்சி.

12ஆம் வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் காக்கவும். இந்த வாரத்தில் புதிய வலிமை எதுவும் சேராது, சேர்த்தது வெளிப்படும்.

இத்தனை பயிற்சியும் கலைக்குத் துணை மட்டுமே. 2017 மே மாதம் சிங்கப்பூரில் நம் நாட்டு வீரர் அகிலன் தாணி, உலகப் பட்டத்துக்காக பென் அஸ்க்ரனை எதிர்த்து முதல் சுற்றிலேயே பிடியில் சிக்கித் தோற்றார். அஸ்க்ரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் களமிறங்கிய மல்யுத்த வீரர். நுட்பத்தில் ஊறிய எதிராளியை வலிமையால் மட்டும் வெல்வது அரிது.

வெயிலும் எடையும்

ஜொகூரின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதே தவிர எளிதில் உலர்வதில்லை. அதனால் உடல் குளிர்வதும் இல்லை. இந்தச் சூழலில் பிளாஸ்டிக் உடை அணிந்து ஓடி எடை குறைப்பது பேராபத்து. 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இவ்வாறு எடை குறைக்க முயன்று இறந்தனர். அதன்பின் அங்கு அவ்வகை உடைகள் தடை செய்யப்பட்டன. 2015 டிசம்பரில் மணிலாவில் களமிறங்கவிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், எடை குறைப்பின்போது ஏற்பட்ட பாதிப்பால் 21 வயதில் உயிரிழந்தார். போட்டியை நடத்திய நிறுவனம் அதன்பின் உடலின் நீர் அளவைச் சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது.

வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேல் குறைக்காதீர்கள். 60 கிலோ எடையுள்ளவர் 3 கிலோ குறைக்க ஐந்தாறு வாரமாவது வேண்டும். அது முடியாதென்றால் அடுத்த எடைப் பிரிவில் போட்டியிடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். பயிற்சியில் நண்பர் ஒருவர் தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். அவசர உதவிக்கு அழையுங்கள். அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

முடிவுரை

பாய்ச்சலுக்கு முன் காலடி கற்பிப்பவர் நல்ல ஆசான். உடலுக்கும் அதே வரிசைதான்: முதலில் அடித்தளம், அடுத்து வலிமை, பிறகு வேகம். மாணவ நண்பர்களே, அடுத்த போட்டியின் தேதி தெரிந்ததும் நாள்காட்டியில் பன்னிரண்டு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போட்டி அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.