ஆங்கிலம் பயில்வோம்: வினையடைக்கு இடம் எது?



ஆங்கிலத்தில் கடிதம் எழுத முனையும் நம் பிள்ளைகள் நல்ல சொற்களைத் தேடிப்பிடித்து விடுகிறார்கள். ஆனால் அச்சொல்லை எங்கே வைப்பது என்பதில் தடுமாறுகிறார்கள். சிறப்பாக, ஒரு செயல் எப்படி, எங்கே, எப்போது நடந்தது எனக் காட்டும் வினையடைகளே அவர்களை இடறச் செய்கின்றன.

காரணம் எளிது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். அடைகள் அதற்கு முன்னே வரும். சிங்களமும் பெரும்பாலும் அப்படியே. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். ஆகவே பதுளை வகுப்பறைகளில் தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் ஒரே பிழையைச் செய்வதில் வியப்பில்லை.

முதலாவது: வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்காதீர்கள். "அம்மா கொழுந்தை விரைவாகப் பறிக்கிறார்" என்பதை, "மதர் பிளக்ஸ் குவிக்லி த லீவ்ஸ்" என எழுதுவது தவறு. "மதர் பிளக்ஸ் த லீவ்ஸ் குவிக்லி" என்பதே சரி.

இரண்டாவது: "ஓல்வேஸ்", "நெவர்" போன்ற, எவ்வளவு அடிக்கடி என்பதைக் காட்டும் சொற்கள் பிரதான வினைக்கு முன்னே வரும்: "ஹீ ஓல்வேஸ் கம்ஸ் ஏர்லி." ஆனால் "இஸ்", "ஆர்", "வோஸ்" என்பவற்றுக்குப் பின்னே வரும்: "ஹீ இஸ் ஓல்வேஸ் ஏர்லி." துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து வரும்: "ஹீ ஹாஸ் நெவர் பீன் லேட்."

மூன்றாவது: "அம்மா நேற்று மலையில் கடுமையாக வேலை செய்தார்." இங்கே காலம், இடம், விதம், வினை என்பது வரிசை. ஆங்கிலத்தில் இதை அப்படியே தலைகீழாக்குங்கள்: வினை, விதம், இடம், காலம். "மதர் வேர்க்ட் ஹார்ட் இன் த பீல்ட் யெஸ்டர்டே." காலத்தை மட்டும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம். ரெயில் பாதை 1924 இல் பதுளையை வந்தடைந்தது. இதை "த ரெயில்வே ரீச்ட் பதுளை இன் 1924" என்றும், "இன் 1924 த ரெயில்வே ரீச்ட் பதுளை" என்றும் எழுதலாம். "ரீச்ட் இன் 1924 பதுளை" என்பது தவறு.

நான்காவது, மிக முக்கியமானது: "ஒன்லி." நமது "மட்டும்" தான் சுட்டும் சொல்லுக்குப் பின்னே ஒட்டும், "ஒன்லி" அச்சொல்லுக்கு முன்னே நிற்கும். சம்பளத்தில் குறை கண்ட ஒருவர் முறைப்பாடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐ ரிசீவ்ட் வேஜஸ் போர் ஒன்லி டென் டேஸ்" என்றால், பத்து நாளுக்கு மட்டும் சம்பளம் கிடைத்தது என்று பொருள். "ஒன்லி ஐ ரிசீவ்ட் வேஜஸ் போர் டென் டேஸ்" என்றாலோ, பத்து நாள் சம்பளம் எனக்கு மட்டுமே கிடைத்தது என்றாகிவிடும். முறையிட வந்தவர், மற்றவர் பெறாததைத் தாம் பெற்றவராகிவிடுகிறார்!

ஐந்தாவது: "மை பாதர் வேர்க்ஸ் ஹார்ட்" என்றால் தந்தை கடுமையாக உழைக்கிறார். "மை பாதர் ஹார்ட்லி வேர்க்ஸ்" என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்பது போலாகும். உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் மகன் இதில் தவறினால், தந்தையின் உழைப்பையே மறுத்தவனாகிறான்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. எனவே அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆங்கிலம் தேவைப்படும் இடத்தில் அதைப் பிழையின்றி எழுதுங்கள்.

பெற்றோரே, ஆங்கிலம் அறியாவிட்டாலும் நீங்கள் உதவலாம். பிள்ளை எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "மட்டும்" எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று கேளுங்கள். பிழை இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

பயிற்சி: திருத்தி எழுதுக.
1. ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்.
2. ஹீ கோஸ் ஓல்வேஸ் டு ஸ்கூல்.
3. ஐ லைக் வெரி மச் டீ.

விடைகள்:
1. ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்.
2. ஹீ ஓல்வேஸ் கோஸ் டு ஸ்கூல்.
3. ஐ லைக் டீ வெரி மச்.