கெண்டைக்கால் நோவும் மின்தூண்டற் சிகிச்சையும்

நடத்தலின் அருமை நடக்க இயலாதபோதே புலனாகின்றது. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மாலையில் உலாவும் முதியோருட் சிலர், சிறிது தூரம் சென்றதும் கெண்டைக்கால் நோவினால் நின்று, இளைப்பாறியபின் மீண்டும் நடத்தலை நாம் காண்கின்றோம். இதனை முதுமையின் இயல்பென்று வாளாவிருப்பார் பலர். மின்கருவி ஒன்றை வாங்கிக் காலிற் பொருத்துவார் சிலர். இவை தக்கனவா என ஆராய்வாம்.

இதயத்திலிருந்து குருதியைக் கொணர்வன நாடிகள். இதயத்துக்கு மீட்பன நாளங்கள். நாடியின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகின், உழைக்கும் தசைக்கு வேண்டிய ஒட்சிசன் கிட்டாது, நோவு தோன்றும். ஓய்வில் தேவை குறைதலின் நோவு தணியும். புகைபிடித்தலும் நீரிழிவும் இந்நோய்க்குத் தலையாய காரணங்கள். கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்து மருத்துவர் இதனை அறிவர். ஈவு 0.9 அல்லது அதனினும் குறைவாயின் நாடி ஒடுங்கியதெனக் கொள்வர். நீரிழிவாளரின் நாடிகள் இறுகியிருத்தலால் இவ்வெண் சிலவேளை பொய்யாக உயர்ந்தும் காட்டும்.

தவளையின் காற்றசை மின்னாற் சுருங்குதலைப் பற்றி இத்தாலியராகிய கல்வானி 1791இல் நூல் வெளியிட்டார். பிரான்சு நாட்டு மருத்துவர் துசேன் 1855இல் மின்சிகிச்சை பற்றிய பெருநூல் தந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயிலிருந்து மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆதலின் இத்தகைய பொருளைத் தமிழிற் கூறுதல் நமக்குப் புதிதன்று.

தோலில் ஒட்டிய மின்வாய்களினூடே சிறு மின்துடிப்புகள் செல்ல, நரம்பு தூண்டப்பட்டுக் கெண்டைத்தசை சுருங்கும். அச்சுருக்கம் நாளங்களைப் பிழிந்து குருதியை மேலேற்றும். நாளங்களிற் குருதி உறையும் ஆபத்து மிக்கவருள், பிற முறைகள் பொருந்தாதவர்க்கு இத்தகைய கருவி ஒன்றை இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014இல் ஏற்றது. ஆயினும் நாள நோய் வேறு, நாடி நோய் வேறு. கருவி தசையை அசைக்கும். ஒடுங்கிய நாடியைத் திறவாது. முறையான நடைப்பயிற்சியோடு இதனைச் சேர்த்தலால் மேலதிக நன்மை உண்டென்பது இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை.

நன்மை நிறுவப்பட்டது நடைப்பயிற்சியே. நோவு வருமளவும் நடந்து, நின்று, தணிந்தபின் மீண்டும் நடத்தல் வேண்டும். வாரத்தில் மூன்று நாளேனும், நாளொன்றுக்கு 30 முதல் 60 நிமிடம், 12 வாரம் மருத்துவரின் மேற்பார்வையிற் பயிலின் நடக்கும் தூரம் பெருகும். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் பொன்னம்பலவாணேசர் கோயிலை வலம்வரும் சுற்றுகளாலும் தம் முன்னேற்றத்தை அளந்துகொள்ளலாம். புகையை அறவே விடுதலும், கொழுப்பையும் குருதியமுக்கத்தையும் அடக்கும் மருந்துகளை ஒழுங்காக உண்ணுதலும் இதனோடு இன்றியமையாதன. ஏனெனில் காலின் நாடி ஒடுங்கியவர்க்கு இதய நாடியும் மூளை நாடியும் ஒடுங்கியிருத்தல் கூடும்.

இதயத்துடிப்புக் கருவி பொருத்தியோர், காலிற் குருதியுறைவுடையோர், கருவுற்றோர், புண்ணுடையோர், உணர்ச்சி குன்றிய நீரிழிவாளர் ஆகியோர் மருத்துவரைக் கேளாது மின்கருவியைத் தொடலாகாது. ஓய்விலும் இரவிலும் நோவு, ஆறாப் புண், விரல் கறுத்தல் ஆகியன தோன்றின் காலம் தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும். கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறின் அக்கணமே தேசிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்; அங்கே தாமதம் காலையே இழப்பிக்கும்.

பழைய மாணவர்காள், நோவைக் கருவியால் மறைத்தல் மருத்துவமன்று; அதன் காரணத்தை அறிதலே மருத்துவத்தின் தொடக்கம். இன்று பயிலும் மாணவரும் தம் இல்லத்து முதியோர் நடையில் ஏன் நிற்கின்றனர் என வினவுவாராக.