வானியல் அறிவும் நம் அன்றாட அமல்களும்



வேளச்சேரியில் வசிக்கும் நம்மில் பலர் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். ரமளானில் சொந்த ஊருக்குப் போவோம். கோவைக்குப் போன ஒருவர் கைப்பேசியில் இருக்கும் சென்னை அட்டவணையைப் பார்த்து நோன்பு திறந்தால் என்ன ஆகும்?

கோவை, சென்னைக்கு மேற்கே 3 பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே அங்கே சூரியன் சுமார் 13 நிமிடம் பிந்தி மறையும். சென்னை நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால் மஃரிபுக்கு முன்பே நோன்பு முறிந்துவிடும். அதைக் களாச் செய்ய வேண்டும். பகல் முழுதும் பசித்திருந்தவர், வானத்தைப் பற்றிய ஒரு சிறு கணக்கை அறியாததால் அந்த நோன்பை இழக்கிறார்.

லுஹர் நேரம் ஏன் மாறுகிறது?

சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் லுஹருடைய வக்து ஆரம்பமாகிறது. சென்னையில் அது 12 மணிக்கு நிகழ்வதில்லை. காரணத்தை நம் நகரத்தின் வரலாறே சொல்கிறது.

1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் வானாய்வுக்கூடம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே வானத்தைக் கவனித்துக் கணித்ததுதான் 'மெட்ராஸ் நேரம்'. அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. ரயில்களும் இதன்படியே ஓடின. 1906 முதல் இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் என்று ஆனது. ஆகவே நம் கடிகாரம் சென்னையின் சூரியனைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முந்தி ஓடுகிறது.

பூமியின் பாதை முழு வட்டமல்ல. அதன் அச்சும் சாய்ந்தது. அதனால் சென்னையில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11:53-க்கும், பிப்ரவரி நடுவில் சுமார் 12:23-க்கும் வருகிறது. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணையில் நிமிடங்கள் மாறுவது இதனால்தான்.

கிப்லாவை அறிய ஒரு குச்சி போதும்

புதிதாக வாடகை வீட்டுக்குக் குடிவந்ததும் "கிப்லா மேற்குதானே" என்று முஸல்லாவை விரித்துவிடுகிறோம். சென்னையிலிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை திரும்ப வேண்டும். கைப்பேசியின் திசைகாட்டியோ இரும்புக் கம்பிகளுக்கு அருகில் தடுமாறும்.

ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும். மே 28-ஐ ஒட்டி நம் நேரம் பிற்பகல் 2:48. ஜூலை 16-ஐ ஒட்டி 2:57. அப்போது மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. செலவு எதுவும் இல்லை.

இது ஜோசியம் அல்ல

சூரியனையும் சந்திரனையும் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் கணக்குக்கும் உரியவையாக ஆக்கியதாக யூனுஸ் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். கணக்கிடுவது வேறு, நட்சத்திரம் நம் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது என்று நம்புவது வேறு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது, யாருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். மகனை இழந்த துயரத்திலும் மூடநம்பிக்கைக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

அன்பானவர்களே! இன்று அஸருக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நிழலையும், சூரியன் மறையும் இடத்தையும், பிறையையும் காட்டுங்கள். அட்டவணையை நம்புவதோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்கள் அறியட்டும்.

நம் அமல்களை உரிய நேரத்தில், உரிய திசையில் நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.