ரெக்கார்டு உடைத்த குதிரை மேல் கட்டலாமா?

கேள்வி: கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை மச்சானோடு சுங்கை பீசி பந்தயத் திடலுக்குப் போவது வழக்கம். பெரிய தொகை கட்டுவதில்லை. நாங்கள் கவனித்துவரும் ஒரு குதிரை அண்மையில் 1200 மீட்டரில் திடல் ரெக்கார்டை உடைத்தது. அடுத்து 1600 மீட்டரில் ஓடப் போகிறதாம். 'ரெக்கார்டு குதிரை சும்மா தோற்காது, கண்ணை மூடிக்கொண்டு கட்டு' என்கிறார் மச்சான். போனஸ் பணத்தில் ஆயிரம் வெள்ளியை ஒரே அடியாகக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் ஒருவர், 'டோட்டில் கட்டாதே, என்னிடம் கொடு, கூட விலை தருகிறேன்' என்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கிள்ளான்

பதில்: கடிதத்தில் இருந்த குதிரையின் பெயரை எடுத்துவிட்டேன். போட்டால் இதை டிப்ஸ் என்று நினைத்து நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் குதிரை ஜெயிக்கலாம். ஆனால் அது ஜெயிக்குமா என்பது ஒரு கேள்வி, அதன் மேல் பணம் கட்டலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் மச்சான் முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்.

டோட்டில் நீங்கள் மோதுவது உங்களைப் போலவே கட்டுகிற மற்றவர்களோடு. எல்லாருடைய பணமும் ஒன்றாகச் சேரும். டோட் தன் பங்கையும் வரியையும் கழித்துக்கொள்ளும். மிச்சம் ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துத் தரப்படும். ரெக்கார்டு செய்தியை நீங்கள் கிள்ளானில் படித்த அன்றே ஈப்போவிலும் பினாங்கிலும் படித்திருப்பார்கள். எல்லாரும் ஒரே குதிரையில் கட்டினால் விலை சரியும். 5 வெள்ளி டிக்கெட்டுக்கு ஐந்தரை வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு தடவை கட்டி பத்துத் தடவை ஜெயித்தால்தான் போட்ட பணம் அப்படியே கைக்கு வரும். லாபம் என்று ஒரு காசு பார்க்க அதற்கும் மேலே ஜெயிக்க வேண்டும். இன்னொன்று: டோட்டில் பணம் குறைவாகச் சேரும் சின்னப் பந்தயத்தில் ஆயிரம் வெள்ளியை ஒரே குதிரையில் இறக்கினால், உங்கள் பணமே உங்கள் விலையைக் கீழே தள்ளும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் செக்ரட்டேரியட். 1973 ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தை 2 நிமிடம் 24 விநாடியில், 31 லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம். அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் அங்கே நெருங்கவில்லை. ஆனால் 2 டாலர் டிக்கெட்டுக்குக் கிடைத்தது 2 டாலர் 20 காசுதான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெயித்த டிக்கெட்டை மாற்றாமல் ஞாபகத்துக்கு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இருபது காசு லாபத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்!

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சரடோகாவில் விட்னி பந்தயம். அதே குதிரை, அதே அடிமட்ட விலை. ஆனியன் என்கிற, யாரும் பெரிதாக நினைக்காத குதிரை அதை முந்திவிட்டது. செக்ரட்டேரியட்டுக்குக் காய்ச்சல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. விட்னியில் 2 டாலர் விட்டவர், அதை எடுக்கப் பெல்மான்ட் மாதிரி பத்து வெற்றி பார்க்க வேண்டும். கதை அங்கே முடியவில்லை. ஆறு வாரம் கழித்து மார்ல்பரோ கோப்பையில் அதே செக்ரட்டேரியட் ஒன்பது ஃபர்லாங்குக்கு உலக ரெக்கார்டு வைத்தது. நல்ல குதிரை மேல் கட்ட விரும்புகிறவர்கள், ரெக்கார்டுக்கு அடுத்த பந்தயத்தைவிட, காரணம் தெரிந்த ஒரு தோல்விக்கு அடுத்த பந்தயத்துக்குக் காத்திருப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த ரெக்கார்டையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கடிகாரம் காட்டும் நேரத்தில் குதிரையின் பங்கு எவ்வளவு, தரையின் பங்கு எவ்வளவு? கோலாலம்பூர் மழை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்துக் கொட்டினால், இரண்டாம் பந்தயத்தில் இருந்த புல்தரை ஆறாம் பந்தயத்தில் இருக்காது. ஈரப் புல்தரையில் ரெக்கார்டு உடைவது அபூர்வம். நாலு நாள் காய்ந்த தரையில் சாதாரணக் குதிரைக்கும் நல்ல நேரம் கிடைக்கும். அதனால் ரெக்கார்டு விழுந்த நாளின் மற்றப் பந்தயங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாப் பிரிவிலும் நேரம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் அன்று ஓடியது தரை. வாஷிங்டன் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பையர் 1975இல் எழுதிய புத்தகத்தில் பிரபலப்படுத்திய வழியும் இதுதான்: முதலில் அன்றைய தரையின் வேகத்தைக் கணக்கிடு, அதைக் கழித்த பிறகு குதிரையைப் பார்.

பந்தய முடிவுத் தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் வந்த குதிரைகள் எவ்வளவு பின்னால் வந்தன? அவையும் பழைய ரெக்கார்டை உடைத்திருந்தால், முன்னால் ஓடிய ஏதோ ஒரு குதிரை வெறி பிடித்த மாதிரி வேகம் கொடுத்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

சில பெரியவர்கள் பழைய அம்பாங் சாலைத் திடலின் நேரங்களை இன்றைக்கும் சொல்லிச் சண்டை போடுவார்கள். 1896இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப் அங்கிருந்து கிளம்பி சுங்கை பீசிக்குப் போனது. அந்தப் பழைய திடலில்தான் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. வளைவு வேறு, மண் வேறு, புல் வேறு. ஒரு திடலின் ரெக்கார்டு அடுத்த திடலுக்குச் செல்லாது. உங்கள் குதிரை ரெக்கார்டு வைத்த திடலிலேயேதான் மறுபடி ஓடுகிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதிலே வீண். ஓட்டத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஆறு லெங்த். ரெக்கார்டு 0.2 விநாடியில் உடைந்தால், வித்தியாசம் ஒரு லெங்த்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மைல் தூரத்தில் ஒரு கிலோ எடை ஏறினால் ஏறத்தாழ ஒரு லெங்த் பின்தங்கும் என்பது ஹேண்டிகேப்பர்களின் பழைய கணக்கு. ஹேண்டிகேப்பரும் உங்கள் மச்சான் படித்த அதே செய்தியைத்தான் படிக்கிறார். அவருடைய வேலையே ஜெயித்த குதிரையின் முதுகில் எடை ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்துவது. இரண்டு மூன்று கிலோ ஏற்றினால் அந்த ரெக்கார்டு கரைந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் ஃபார் லாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 மெல்பர்ன் கோப்பையில் அறுபத்திரண்டரை கிலோவோடு ஓடி ஜெயித்தது. அடுத்த வருடம் 68 கிலோ ஏற்றினார்கள். அப்போதும் ஜனங்கள் அதைத்தான் ஃபேவரிட் ஆக்கினார்கள். வந்தது எட்டாம் இடம். குதிரை கெட்டுப்போகவில்லை. 1932இல் மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் ஓட்டியபோது பெரிய பரிசை ஜெயித்தது.

முதல் தரப் பந்தயங்களில் பெரும்பாலானவை வேறு சங்கதி. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப எடை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். ஜெயித்ததற்காகத் தண்டிக்க மாட்டார்கள். அங்கே ரெக்கார்டு குதிரைகள் தொடர்ந்து ஜெயிக்கத்தான் செய்கின்றன. ஹாங்காங்கின் கா யிங் ரைசிங் 2024 நவம்பரில் ஷா டின் திடலின் 1200 மீட்டர் ரெக்கார்டை 1 நிமிடம் 7.43 விநாடியில் உடைத்தது. அது சேக்ரட் கிங்டம் 2007இல் வைத்த ரெக்கார்டு. இரண்டு மாதத்தில் தன் ரெக்கார்டையே 7.20 ஆக்கியது. 2025 அக்டோபரில் சிட்னிக்குப் போய் எவரெஸ்ட் பந்தயத்தையும் அடித்தது. மச்சான் பக்கம் சாட்சி வேண்டுமென்றால் இந்தக் குதிரைதான். ஆனால் ஹாங்காங்கில் அதன் மேல் கட்டியவர்களைக் கேளுங்கள், எத்தனை வெள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று!

உங்கள் குதிரைக்கு வருவோம். 1200 மீட்டரில் ரெக்கார்டு, அடுத்தது 1600 மீட்டர். கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். இதே ஹாங்காங்கில் சைலன்ட் விட்னஸ் என்று ஒரு குதிரை தொடர்ந்து 17 பந்தயம் ஜெயித்தது, எல்லாம் 1400 மீட்டருக்குள். 2005 மே மாதம் சாம்பியன்ஸ் மைலில் 1600 மீட்டர் ஓடவிட்டார்கள். கோட்டில் வைத்து புல்லிஷ் லக் முந்தியது, வித்தியாசம் தலையளவுகூட இல்லை. இரண்டு குதிரைக்கும் டிரெயினர் ஒருவரே, டோனி குரூஸ். அடுத்து ஜப்பானில் மறுபடி ஒரு மைல் ஓட்டம், மூன்றாம் இடம். அக்டோபரில் அதே ஜப்பானில் 1200 மீட்டருக்குத் திரும்பி, நகயாமாவில் ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸை ஜெயித்தது. தூரம் மாறினால் குதிரையே மாறிவிடுகிறது. கடைசி 200 மீட்டரில் மூச்சு இருக்குமா என்று ரெக்கார்டு சொல்லாது. அந்த வம்சத்தில் யாராவது மைல் ஜெயித்திருக்கிறார்களா என்று பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

நம் பக்கத்துக் குதிரையும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர் கிராஞ்சியில் பேட்ரிக் ஷா பழக்கிய ராக்கெட் மேன். 2011 மார்ச்சில் துபாய் கோல்டன் ஷாஹீனை ஜெயித்தபோது, இங்கேயும் அதைத் தங்கள் வீட்டுக் குதிரை மாதிரி கொண்டாடினார்கள். அதே வருடம் அக்டோபரில் நகயாமாவில் ஃபேவரிட்டாக இறங்கியது. தூரம் பழகியதுதான், ஊர் பழகியதில்லை. நாலாவதாக வந்தது. கிராஞ்சியே இப்போது இல்லை, 2024 அக்டோபரோடு மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் குதிரைகள் சில இங்கே வந்து ஓடுகின்றன. கிராஞ்சியில் அவை எடுத்த நேரத்தை இங்கே அளவுகோலாக வைக்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்போது யாருக்கும் தெரியாத குதிரையில் கட்டி ஐம்பது மடங்கு அடிக்கலாமே' என்று கிளம்ப வேண்டாம். அது இதைவிட மோசம். ரிச்சர்ட் கிரிஃபித் என்கிற உளவியலாளர் 1949இலேயே அமெரிக்கப் பந்தயங்களை அலசிச் சொன்னார்: ஜனங்கள் ஒதுக்கிய குதிரைகளின் மேல்தான் பணம் அதிகம் வீணாகிறது, ஃபேவரிட் மேல் கட்டுகிறவர் விடுவது குறைவு. ஹாங்காங்கில் இந்தச் சாய்வு இல்லை என்று பின்னால் வந்த ஆராய்ச்சி சொன்னது. எப்படியும், குறைவாக விடுவது என்பதற்கு லாபம் என்று பெயர் இல்லை.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று மச்சான் மடக்கலாம். உண்மைதான். கே.ஆர். லட்சுமணன் வழக்கில், 1996இல், சென்னை கிண்டிப் பந்தயத்தை ஒட்டி வந்த தீர்ப்பு அது. அதில் பேசப்பட்ட திறமை குதிரையின் வம்சம், எடை, தூரம், ஜாக்கி, பயிற்சி எல்லாவற்றையும் எடைபோடுவது. 'ரெக்கார்டு' என்று தலைப்பைப் படித்துவிட்டுக் கட்டுவதை அதில் சேர்க்க முடியாது.

என் முடிவு: ஆயிரம் வேண்டாம். அந்தக் குதிரை கட்டாயம் வேண்டும் என்றால், மறுபடி 1200 மீட்டருக்கு வரும்வரை விடுங்கள். 1600இலேயே ஆசை அடங்கவில்லை என்றால், வழக்கமாகக் கட்டும் சின்னத் தொகை. டோட் பலகை 5 வெள்ளிக்கு 7 வெள்ளிக்குக் கீழே காட்டினால் அதுவும் வேண்டாம். அந்த விலையில் ஏழுக்கு ஐந்து தடவை ஜெயித்தால்தான் முதல் தேறும், தூரம் மாறும் குதிரைக்கு அவ்வளவு நம்பிக்கை எனக்கு வராது. அதை பேங்கராக வைத்து ஃபோர்காஸ்ட் எடுப்பவர்களும் உண்டு, அதாவது முதலிரண்டு இடத்தில் அது கட்டாயம் வரும் என்று வைத்து, இன்னொரு குதிரையைத் தேடுவது. விலை நன்றாக இருக்கும். கூட வர வேண்டியது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

பிரிக்பீல்ட்ஸ் நண்பரைப் பற்றி. டோட்டுக்கு வெளியே புக்கியிடம் கட்டுவது 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம், வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, கொடுக்கிறவருக்கும். ஊரே கட்டுகிற குதிரைக்கு ஒருவர் டோட்டைவிடக் கூட விலை தருகிறார் என்றால், அது தோற்கும் என்று நம்புகிறார், இல்லாவிட்டால் ஜெயித்த அன்று கடைப் பக்கம் வர மாட்டார். போலீசுக்கும் போக முடியாது. கடனுக்கும் எழுதிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் அந்தக் கடையையே மாற்றுங்கள். கட்டுவதானால் கவுண்டரில், கையில் உள்ள காசில் கட்டுங்கள். குதிரை கோட்டைத் தாண்டியதும் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஜாக்கி ஆட்சேபம் கொடுத்தால் முதலாவது இரண்டாவதாகி, இரண்டாவது முதலாவதாவது உண்டு. முடிவு உறுதி என்று அறிவிக்கும்வரை அது பையிலேயே இருக்கட்டும்.