உலாவி நம்முடையது, எஞ்சின்?

கேள்வி: குரோமை நீக்கிவிட்டு சோஹோவின் 'உலா' போட்டுவிட்டேன். இனி கூகுள் தயவு தேவையில்லைதானே?
– ஒரு வாசகர், செஞ்சி

பதில்: பாதி தேவையில்லை. 2023-இல் வந்த உலா நம்மூர்த் தயாரிப்பு. விளம்பரத்தையும் வேவு பார்ப்பதையும் தடுக்கிறது, அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே ஓடும் எஞ்சின் கூகுளின் குரோமியம். பிரேவ், ஓபரா, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். குரோமியத்தை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பெரும்பாலும் கூகுள்தான் முடிவு செய்கிறது. மேனிஃபெஸ்ட் வி3 என்று உலாவி நீட்டிப்புகளுக்கான விதியை அது மாற்றியபோது, விளம்பரத் தடுப்பான்கள் பலவற்றுக்குக் கை ஒடிந்தது.

ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்த எஞ்சின் உண்டு. சம்பளம்? அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக கூகுள் தருவது. (போட்டியாளனுக்குப் படியளக்கும் வியாபாரம் வேறெங்கும் கண்டதில்லை!) தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துவதாக அமெரிக்க நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மோசடித் தளத்துக்குள் போனால் ஃபயர்ஃபாக்ஸ் சிவப்புப் பக்கம் காட்டும். அந்த எச்சரிக்கைப் பட்டியலும் கூகுள் தருவதே.

உங்கள் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைக்குள் தானியக் களஞ்சியமும் சுனையும் உண்டு. 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. உலாவிகளுக்கு மதில் இருக்கிறது. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது.

உலாவை எடுத்துவிடாதீர்கள். அமைப்புகளில் தேடுபொறி எதுவென்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.