டைமிங் பெல்ட் மாற்றம்: திட்டமும் செலவும்

பழைய கார் ஒன்று வாங்குவது இந்நாளில் மாணவர்க்கு எட்டாத செயலன்று. நண்பர் நால்வர் தத்தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய சிறு கார் விடுதி வாசலுக்கு வந்துவிடுகிறது. வாங்குவோர் வண்ணத்தைப் பார்க்கின்றனர், டயரைத் தட்டிப் பார்க்கின்றனர், ஏ.சி. குளிர்கிறதா என்று வினவுகின்றனர். எஞ்சினின் ஓரத்தில் மூடி ஒன்றின் உள்ளே மறைந்திருக்கும் ரப்பர்ப் பட்டையைப் பற்றி மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. அதுவே டைமிங் பெல்ட். எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிக அற்பம். ஆனால் அஃது அறுந்தால் எஞ்சினே பாழாகக்கூடும். எனவே அதன் வேலை யாது, எப்பொழுது மாற்றுவது, செலவை எவ்வாறு கணக்கிடுவது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

பெல்ட்டின் வேலை

எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் சென்று கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள் உண்டு. அவ்வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றே சுற்றவேண்டும். இம்முறை ஒரு பல் அளவுகூடப் பிசகலாகாது. இரு தண்டுகளையும் இவ்வாறு பிணைத்து வைப்பதே உட்புறம் பற்களையுடைய டைமிங் பெல்ட்டின் வேலை. பெருவாரியாக உற்பத்தியான கார்களில் இதனை முதன்முதல் கொண்டது, ஜெர்மனியில் 1962-இல் விற்பனைக்கு வந்த ‘கிளாஸ் 1004’ என்னும் கார். அதற்கு முன்னர் இரும்புச் சங்கிலியோ பற்சக்கரங்களோதாம் இவ்வேலையைச் செய்துவந்தன.

இப்பெல்ட்டுக்கு எத்துணை உழைப்பு என்று பாருங்கள். சராசரி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 60,000 கி.மீ. செல்ல 1,500 மணி நேரம் ஆகும். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று எனக் கொண்டால், அதற்குள் அது 18 கோடி சுற்றும் கேம் தண்டு 9 கோடி சுற்றும் சுற்றிவிடும். அத்தனையையும் தாங்குவது கண்ணாடி இழை பொதிந்த ஒரு ரப்பர்ப் பட்டை!

அறுந்தால் என்ன நேரும்? பல எஞ்சின்களில், வால்வு கீழிறங்கும் இடமும் பிஸ்டன் மேலேறும் இடமும் ஒன்றே. ஒருவர் வெளியேறிய பின்னரே மற்றவர் நுழையும் குளியலறை போல, முறை மாறாதவரை இரண்டுக்கும் மோதல் இல்லை. பெல்ட் அறுந்ததும் கேம் தண்டு நின்றுவிடும். பிஸ்டனோ வேகத்தில் மேலேறி, திறந்தபடி நிற்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். டீசல் எஞ்சின்களில் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே அபாயம் மிகுதி. சில பெட்ரோல் எஞ்சின்களில் இம்மோதல் நேராதபடி இடம் விட்டிருப்பர். அவற்றில் எஞ்சின் நிற்பதோடு சரி.

சேதம் பொறிக்கு மட்டுமன்று. விரையும் சாலையில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். இரண்டொரு முறை மிதித்த பின் பிரேக்கும் இறுகிவிடும். உள்ளே இருப்பவர் நம் நண்பர்கள் என்பதை மறத்தலாகாது. அவ்வேளையில் அபாய விளக்கைப் போட்டு ஓரம் கட்டுக. சாவியை மீண்டும் மீண்டும் திருகிப் பார்க்கற்க. ஒவ்வொரு திருகலும் சேதத்தை மிகுவிக்கும். கட்டி இழுத்துச் செல்வதே வழி.

மாற்றும் காலம்

முதற்கண், நம் காரில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா என்று அறிதல் வேண்டும். மாருதி 800, டாட்டா இண்டிகா டீசல் முதலியவற்றில் பெல்ட். மாருதியின் கே10பி எஞ்சினில் சங்கிலி. பழைய அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினிலும் சங்கிலியே. ஒரே பெயருடைய காரிலும் எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். ஆகவே பெயரை நம்பாமல், காரோடு வந்த கையேட்டைப் பார்க்கவேண்டும். சங்கிலி உள்ள காருக்குப் பெல்ட் மாற்றக் கூலி கொடுத்தல் வீண் அன்றோ?

பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை என்று கெடு சொல்வர். அத்துடன் ஆண்டுக் கணக்கும் உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. ஓடாமல் நின்ற காரிலும் வெப்பத்தாலும் முதுமையாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். எஞ்சின் ஆயிலோ கூலண்டோ கசிந்து பெல்ட்டில் பட்டால் கெடுவுக்கு முன்னரே மாற்றவேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று ஏமாறுதல் கூடாது. பெரும்பாலும் இப்பெல்ட் முன்னறிவிப்பின்றியே அறும்.

பழைய கார் வாங்கும்பொழுது, ‘சென்ற ஆண்டுதான் மாற்றினேன்’ என்று விற்பவர் கூறுவார். பில் உண்டா என்று கேளுங்கள். பில் இல்லையேல் மாற்றவில்லை என்றே கொண்டு, அச்செலவை விலையிற் கழித்துப் பேசுதல் முறை.

செலவுக் கணக்கு

பெல்ட்டை அடைய எஞ்சினின் ஒரு பக்கத்தையே அவிழ்க்க வேண்டியிருப்பதால், பல கார்களில் பொருளின் விலையைவிடக் கூலியே மிகுதி. கணக்கின் உயிர்நிலை இதுதான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கேம் தண்டின் ஆயில் சீல், சில கார்களில் அதே பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் ஆகியவையும் அவ்விடத்திலேயே உள்ளன. அவற்றுள் ஒன்று பின்னர்ப் பழுதானால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்கவேண்டும்.

கணக்கு விளங்கும்பொருட்டு விலைகளை இவ்வாறு வைத்துக்கொள்வோம். உண்மை விலை காருக்குக் கார் வேறுபடும். பெல்ட் ரூ.1,200; டென்ஷனர் ரூ.1,500, வாட்டர் பம்ப் ரூ.1,800, கூலண்ட் ரூ.600, சீல் ரூ.300, கூலி ரூ.3,000.

ஒருவர் சிக்கனம் கருதிப் பெல்ட்டை மட்டும் மாற்றுகிறார்: ரூ.4,200. சில மாதங்களில் பம்ப் கசிந்து புதுப் பெல்ட்டையும் நனைத்துவிடுகிறது. இப்பொழுது எல்லாவற்றையும் மாற்ற ரூ.8,400. ஆக மொத்தம் ரூ.12,600. மற்றொருவர் முதலிலேயே அனைத்தையும் மாற்றினார். அவருக்கு ஆனது ரூ.8,400. முன்னவர் முதலிற் கொடுத்த ரூ.4,200 அப்படியே வீண். சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுதலன்று. ஒருமுறை அவிழ்த்ததை மறுமுறை அவிழ்க்காதபடி செலவிடுதலே.

ஆனால் பெல்ட்டுக்கு அப்பால் தனியே நிற்கும் வாட்டர் பம்பை இக்கணக்கில் சேர்க்க வேண்டுவதில்லை. வரியையும் மறவாதீர்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிப்பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18, பழுதுபார்க்கும் கூலிக்கும் 18. ஆகவே ரூ.8,400 என்பது பில்லில் ரூ.9,912 ஆகும்.

பட்டறையில்

இவ்வூர் மெக்கானிக்கிடம் இந்தியில் விவரமாகப் பேச நம்மவர் பலர் தயங்குகின்றனர். தயங்கிச் சொன்ன தொகைக்குத் தலையசைத்துவிட்டு, விடுதிக்கு வந்து வருந்துகின்றனர். எழுத்து இத்தயக்கத்தைத் தீர்க்கும். பொருள்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதி, எதிரே விலையும் கூலியும் தனித்தனியே குறித்துத் தருமாறு இரண்டு பட்டறைகளில் கேளுங்கள். மொத்தத் தொகைகளை மட்டும் ஒப்பிடாதீர். குறைந்த தொகை சொன்னவர் டென்ஷனரை விட்டிருக்கலாம். எதெது அடங்கியது என்று பார்த்த பின்னரே எது மலிவு என்று சொல்லமுடியும்.

கழற்றிய பழைய பொருள்களைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பெல்ட்டை மாட்டியபின், கிராங்க் தண்டைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளக் குறிகள் நேரே நிற்கின்றனவா என்று சரிபார்த்த பின்னரே எஞ்சினை முடுக்கவேண்டும். இதனைச் செய்தீர்களா என்று கேட்பதில் நாணம் வேண்டா. நல்ல மெக்கானிக் கேட்காமலே செய்வார். மாற்றிய நாளையும் கி.மீ. அளவையும் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து அக்காரை வாங்குபவரும் ஒரு மாணவராக இருக்கலாம்.

பொங்கல் விடுமுறைக்குக் காரிலேயே ஊர் செல்ல எண்ணும் நண்பர்கள் இவ்வேலையைப் புறப்படும் முந்தின நாளுக்கு வைத்தலாகாது. இரண்டு வாரம் முன்னரே முடித்து, உள்ளூரில் ஓட்டிப் பார்த்து, கசிவும் புதிய ஓசையும் இல்லை என்று தெளிந்த பின்னர்ப் புறப்படுக. அதற்கான பணத்தை இம்மாதம் முதலே நால்வரும் சிறிது சிறிதாக ஒதுக்கி வந்தால், கெடு வரும் நாளில் எவர் கையும் கடிக்காது.